அவனுக்கும் மூணு

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான் டால்டன். அவன் அம்மா ஆர்லீன் திரையில் முகம் விழாதபடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பீன்ஸ் சில்லிக் குழம்பு ஆறிக் கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில் டால்டனையும் எதிரணி கார்சனையும் நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். கைகலப்பு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் அந்த ஃபுட்பால் என்றால் ஊரே கூடும், அந்த ஊரே பார்க்க. இன்று கல்லூரிப் போட்டிகளை நடத்துபவர்களின் ஒழுங்குக் குழு விசாரணை. டீமை விட்டுத் தூக்கினால் உதவித்தொகை போச்சு, அது போனால் படிப்பும் போச்சு.

ஆர்லீனுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று. இவன் அப்பன் கை நீட்டி நீட்டியே குடும்பத்தைத் தொலைத்தவன். அந்தப் புத்தி இவனுக்கும் வந்துவிட்டதோ?

அதுவும் யாரிடம்! கார்சன் அடுத்த தெருப் பையன். பள்ளிக்கூடத்தில் ஒரே டீம், இப்போதுதான் வேறு வேறு கல்லூரி. அவன் அம்மா ட்ரூடி கையால் டால்டன் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்த ட்ரூடி இரண்டு நாளாகப் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். எந்த முகத்தோடு எடுப்பது?

குழுத் தலைவர் ஹாஸ்கல் வீடியோவை ஓட்டினார். பந்தோடு ஓடும் கார்சனை இரண்டு பேர் மோதிச் சாய்க்கிறார்கள். எழுந்தவன், டால்டன் டீம் அடுத்த திட்டம் பேசக் கூடி நிற்கும் வட்டத்துக்குள் வந்து நிற்கிறான். வேவு பார்க்க வந்தானாக்கும் என்று குழுவில் ஒருவர் சிரித்தார். டால்டன் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போகிறான். நடுவரிடம் ஏதோ சொல்கிறான், அவர் கையை உதறிவிட்டுப் போகிறார். பிறகு கார்சன் காதருகே டால்டன் எதையோ சொல்ல, கார்சன் ஓங்கிக் குத்துகிறான். டால்டன் அவனைக் கட்டிப் பிடித்து மல்லுக்கு நிற்கிறான்.

"அவன்கிட்ட என்னப்பா சொன்னே?"

"அவங்க அம்மாவைப் பத்தித் தப்பாப் பேசினேன், சார்."

ஆர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூண்டிவிட்ட டால்டனுக்கு மூன்று ஆட்டம் தடை, கார்சனுக்கு அடுத்த ஆட்டத்தில் முதல் பாதிக்கு மட்டும் தடை என்றார் ஹாஸ்கல். படிப்பு தப்பித்தது. அப்பாடா என்று இருந்தது ஆர்லீனுக்கு.

டால்டன் முகம் வெளுத்தது.

"அவனுக்கும் மூணு கொடுங்க, சார்."

திரையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவனுடைய கோச் சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

"முதல்ல குத்தினது அவன்தான். வீடியோவுல இருக்கு."

"தம்பி, இப்படி வன்மம் வச்சுப் பேசினா சீசன் முழுக்க உன்னை உட்கார வச்சுடுவேன்."

டால்டன் லேப்டாப்பை இன்னும் அருகே இழுத்தான்.

"வச்சுக்கோங்க. ஆனா அவனுக்கும் மூணு."

அப்படியே ஆயிற்று. முதலில் குத்தியவன் என்பதால் விதிப்படி கார்சனுக்கும் மூன்று. டால்டனுக்கு சீசனே போச்சு. உதவித்தொகையை அவன் கல்லூரி முடிவு செய்யும் என்று சொல்லித் திரையை அணைத்தார்கள்.

டால்டன் மேஜையில் கவிழ்ந்து குலுங்கி அழுதான்.

"ட்ரூடி கையால தின்னவன்டா நீ. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு."

"அவன் வேவு பார்க்க வரலம்மா. என்னைப் பார்த்து, 'டால்டன், வழக்கம்போல இடது பக்கமா ஓடுறேன், நீ மறிச்சுக்கோ'ன்னான். இன்னும் பள்ளிக்கூடத்துல ஒரே டீம்ல ஆடுறோம்னு நினைச்சுட்டான். கண்ணு எங்கேயோ பார்க்குது. நடுவர்கிட்ட சொன்னேன். எதிர் டீமோட நல்ல ஆட்டக்காரனை வெளியேத்தப் பார்க்கிறியான்னு கேட்டார். அந்தத் தலையில இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகும்? சண்டை போட்டா வெளியே அனுப்பிடுவாங்கன்னுதான் சீண்டினேன், எனக்கு வேற வழி தெரியல."

ஆர்லீன் அவன் முகத்தை நிமிர்த்தினாள். இதைக் குழுவிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை தலையில பட்டிருக்கு. இதுவும் தெரிஞ்சா இனிமே ஆடவே விடமாட்டாங்கன்னு ஆட்டம் முடிஞ்சப்புறம் கெஞ்சினான். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். மூணு ஆட்டமாவது அந்தத் தலை தப்பும்ல."

மேஜை மேல் போன் அடித்தது. ட்ரூடி. ஆர்லீன் எடுக்கப் போக, டால்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீதானே பண்ணினே. நான் பண்ணலையே." ஆர்லீன் போனைக் காதில் வைத்தாள். "ட்ரூடி, என்னை அப்புறம் திட்டிக்கோ. இப்பவே கிளம்பி உன் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. என் பையன் சொல்றான்."