இரண்டாவது தாள்

"ஒரு பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ். அதானே மேடம் நம்ம வழக்கம்? அப்புறம் ஏன் மெஷின் ரெண்டு ரெண்டா துப்புது?"

கேட்டவர் உதவித் தலைமையாசிரியர். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு சி.ஐ.டி. சார் என்று பெயர். பக்கத்து டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் வேவு பார்க்கிற ஆசாமி.

தலைமையாசிரியை மேடம் கையிலிருந்த சர்க்குலரைக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் எதையெடுத்தாலும் நீட்டி முழக்கி ரெண்டு பக்கத்துக்கு அனுப்புகிறார்களே என்று அப்போதுதான் அலுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்கூலில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கடிதம் வந்தாலும் ஒரிஜினல் நேரே ஃபைலுக்குப் போய்விடும். மேடம் மேஜைக்கு வருவது ஜெராக்ஸ் மட்டும்தான். எப்போதோ ஒரு முக்கியமான ஆர்டரில் டீ கொட்டியதிலிருந்து இப்படி. இந்த வேலையைப் பார்ப்பவர் ஆபீஸ் கிளார்க். பிள்ளைகளுக்கு அவர் ஜெராக்ஸ் சார்.

சி.ஐ.டி. சார் மெஷின் மீட்டரையும் கிளார்க்கின் நோட்டையும் வாசித்துக் காட்டினார். இந்த மாதம் வந்த கடிதங்கள் நாற்பத்திரண்டு பக்கம். மெஷினில் ஓடியது எண்பத்திநாலு.

"அடுத்த வாரம் பரீட்சை. கேள்வித்தாளும் இதே மெஷின்லதான் ஓடப் போகுது. இன்னைக்குக் கடிதம், நாளைக்கு அது. அந்த ரெண்டாவது காப்பி யாருக்குப் போகுதுன்னு நீங்க கேக்க வேண்டாமா?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வித்தாள் வெளியே போனால் முப்பது வருஷப் பேர் ஒரே நாளில் நாறிப்போகும். பன்னிரண்டு வருஷமாக வாயே திறக்காமல் வேலை பார்க்கிற மனுஷன். ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகொண்டு இத்தனை வேலையா?

கிளார்க்கைக் கூப்பிட்டார்.

"ஜெராக்ஸ்னா என்னங்க? உள்ளது உள்ளபடி. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒண்ணுக்கு ஒண்ணு. நீங்க ஏன் ரெண்டு எடுக்கறீங்க?"

கிளார்க் மேடத்தைப் பார்த்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சி.ஐ.டி. சாரைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"தாள் கூட ஆகுது மேடம். தப்புதான். ஆனா ஒண்ணுகூட இந்த ஸ்கூலைத் தாண்டிப் போகல."

"அப்ப எங்கதான் போகுது?"

மேடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். மனுஷன் வாயில் பூட்டுத்தான். சி.ஐ.டி. சார் முகத்தில் நான் சொன்னேனே என்கிற களை.

கோபத்தில் மேடம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், அவரை வேலையிலிருந்து நிறுத்தும் ஆர்டரை அவரே டைப் அடித்துக் கொண்டுவர வேண்டும் என்று. வேறு டைப்பிஸ்ட் ஏது?

மாலையில் கிளார்க் ஆர்டரோடு வந்தார். வழக்கம்போலப் படித்துப் பார்க்க ஜெராக்ஸை முன்னால் வைத்தார், கையெழுத்துக்கு ஒரிஜினலைப் பின்னால் வைத்தார்.

"உங்க ஜெராக்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரிஜினலைக் குடுங்க. நானே படிச்சுக்கறேன்."

ஜெராக்ஸை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரிஜினலைக் கையில் எடுத்தார். எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ வரிவரியாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் போய் நின்றும் பார்த்தார். பாழாய்ப்போன ட்யூப் லைட். இந்த வருஷத்தில் மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

சரி, படித்தவரைக்கும் போதும் என்று பேனாவைத் திறந்தார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று பேனா தாளுக்கு மேலே அலைந்தது.

கிளார்க் மெதுவாக விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க மேடம்."

தன் வேலை போகிற தாளில், தானே விரல் வைத்து இடம் காட்டுகிற மனுஷனை மேடம் நிமிர்ந்து பார்த்தார். என்னமோ உறுத்தியது. ஒதுக்கித் தள்ளிய ஜெராக்ஸை இழுத்தார்.

ரெண்டு தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரிஜினலைவிடப் பெருசாக, பளிச்சென்று கொழுகொழுவென்று இருந்தது. ஆர்டரின் மேல்பாதி ஒரு தாளில், கீழ்ப்பாதி இன்னொரு தாளில்.

மேடம் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். காலையில் படித்த அந்த நீட்டி முழக்கிய சர்க்குலரின் ஒரிஜினலைத் தேடி எடுத்தார். ஒரே பக்கம். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா மேடம். ஒரு கடிதத்தை நீங்க தலைகீழா வச்சுப் பார்த்துட்டிருந்தீங்க. அன்னையிலிருந்து."

"காலையில கேட்டேனே, சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"அந்த சார் இருந்தார் மேடம். போன வருஷம் கணக்கு வாத்தியாரைக் கண்ணு சரியில்லைன்னு வீட்டுக்கு அனுப்பினாங்களே, நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டது அவர்தான்."

மேடம் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். ஆர்டரை நாலாகக் கிழித்தார்.

அதற்குள் வாசலில் செருமல் சத்தம். சி.ஐ.டி. சார் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், ரெண்டாவது காப்பி யாருக்குப் போகுதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

வேண்டாம் என்று கிளார்க் தலையை ஆட்டினார். அது மட்டும் மேடத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன் சார். இந்த ஸ்கூல்ல கண்ணு தெரியாத ஒருத்திக்கு. நிர்வாகத்துக்கு எழுதறதா இருந்தா எழுதுங்க. எனக்கு ஒரு காப்பி குடுங்க, கொஞ்சம் பெரிய எழுத்தா."