முந்நூறு வருஷத்துக் கரி

தோஹாவில் ஓர் அரபிக்கு, முந்நூறு வருஷத்து இங்கிலாந்துப் பண்ணைவீடு போலவே செங்கல் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் குளிர்காயும் கணப்படுப்பில் கொத்தனார் அம்மையப்பன் கருவாடு சுட்டதைக் கண்டு சூப்பர்வைசர் ரகுநாதனுக்குக் குமட்டியது.

“கருமம், புதுச் செங்கல் பூரா கரியும் நாத்தமும். உனக்கு இங்க வேலை இல்ல, கலாஸ், முடிஞ்சுபோச்சு. லேபர் கேம்புக்குப் போ.”

அவன் போன சூட்டோடு அரபி வந்தார். செங்கல்லைத் தடவினார், முகர்ந்தார்.

“இங்கிலாந்தில் நான் தங்கிய பழைய வீட்டிலும் இதே கரி, இதே மீன்வாசம். யார் வேலை?”

“நான்தான் சுட்டேன் சார்,” என்றார் ரகுநாதன், கூசாமல்.

“அருமை. திறப்புவிழா வரை தினமும் நீயே சுடு. வேறு கை படக்கூடாது.”

பூண்டுகூடச் சேர்க்காத ரகுநாதன், மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மையப்பனுக்குப் போன் போட்டார்.

“ஏம்பா, கருவாடு எந்தக் கடையில வாங்கின?”