பம்ப் தெருவில் எந்த வீடு?

"அந்தச் சீட்டை ஏன் பிய்ச்சு எடுத்தீங்க?"

லியான் கேட்டதும் வயதான கோனி லிடில் கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எந்தச் சீட்டு, கண்ணு?"

"இந்தப் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்ததே, அது. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதுவா? கையெழுத்து சரியில்ல. கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. நீ கேக் சாப்பிட்டியா?"

நிலக்கரிச் சுரங்க ஊரான எல்லர்ஹோப்பின் வரலாற்றுச் சங்கம் நடத்திய கண்காட்சி அது. தேவாலயத்துப் பின்னறையில் பழைய புகைப்படங்களை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே மஞ்சள் சீட்டுகளை வைத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி, படத்துக்கு அடியில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

லியான் ஆசையாகத்தான் வந்திருந்தாள். பம்ப் தெரு ஆறாம் எண் வீட்டை வாங்கிக் குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது என்று வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இடுப்பில் எட்டு மாத மகன் கேலம்.

அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஒட்டி ஒட்டி ஒரே மாதிரி பதினாலு வீடுகள். அடியில் தட்டச்சில் நாலே வரி.

"பம்ப் தெரு, 1953. தகரத் தொட்டி வெந்நீரில் விழுந்து கைக்குழந்தை இறந்த வீடு இந்த வரிசையில்தான். எந்த எண்? தெரிந்தவர்கள் எழுதவும்."

அதற்குக் கீழே இருந்த சீட்டைத்தான் கோனி பிய்த்து எடுத்திருந்தாள்.

"எந்த வீடு அது?" லியான் சட்டென்று திரும்பிக் கேட்டாள்.

சங்கச் செயலாளர் கென்னத் ஆர்வமாக முன்னால் வந்தார். "அதான் ஒருத்தர் எழுதி ஒட்டியிருந்தாங்களே! எங்கம்மா அன்னிக்கு..."

"கென்னத்!" என்று குறுக்கே புகுந்தாள், கேக் பரிமாறிக்கொண்டிருந்த டோரீன். "டீத்தண்ணி கொதிச்சு வழியுது. போய்ப் பாரு."

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே?"

"அப்ப போய்ப் பத்த வை."

அவர் ஒன்றும் புரியாமல் போனார்.

"மூணாம் நம்பர் வீடு," என்றாள் கோனி. "எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. கண்ணுக்குள்ளயே நிக்குது."

காலிக் கோப்பையோடு நின்றிருந்த கிழவர் நார்மன் ரெயின் திரும்பினார். "உனக்குக் காலையில என்ன சாப்பிட்டேன்னே நினைவிருக்காது. அது பதினொண்ணு."

"நீங்க அன்னிக்குச் சுரங்கத்துக்குள்ள கிடந்தீங்க. மேல நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியுமாம்?"

"ரெண்டு பேருக்கும் மண்டையில கரித்தூள்தான் இருக்கு," என்றாள் டோரீன். "எட்டு. எட்டாம் நம்பர்ல, கணப்புக்கு முன்னால. அப்பன்காரன் ஷிப்ட் முடிஞ்சு வந்து குளிக்கறதுக்காக ஊத்தி வச்ச தண்ணி. பச்சத்தண்ணி கலக்கறதுக்குள்ள..."

"என்ன கிழமை?" என்று கேட்டாள் லியான்.

"வெள்ளி," என்றார்கள் மூவரும்.

"குழந்தை பேரு?"

"ஐவி." அதுவும் ஒரே குரலில்.

லியான் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிழமை தெரியுது, பேரு தெரியுது. வீடு மட்டும் ஆளுக்கொண்ணா?"

"பதினொண்ணுன்னு சொல்றேனே, தாயி."

"மூணு!"

"எட்டுன்னா எட்டுதான்!"

"உங்களுக்கு இது விளையாட்டா?" அவள் குரல் உடைந்தது. "இன்னிக்குச் சாயங்காலம் இவனை நான் குளிப்பாட்டணும். என் வீட்டுல நான் குளிப்பாட்டலாமா, கூடாதா? எனக்கு அதான் தெரியணும்!"

கோனி கேலத்தின் கால் உறையை இழுத்துவிட்டாள். லியான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வெளியே வந்து, தொலைபேசிக் கூண்டிலிருந்து கணவனைக் கூப்பிட்டாள்.

"வரலாற்றுச் சங்கமாம், வரலாற்றுச் சங்கம்! என்னை வச்சு வேடிக்கை பார்க்கறாங்க, டேரன். நான் இவனை எங்கம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"லியான், இருக்கறதையெல்லாம் போட்டு வாங்கின வீடு. வந்து நாலு நாள்கூட முழுசா ஆகல..."

"நிஜம் எதுன்னு தெரியாம அந்த வீட்டுல என்னால கண்ணை மூட முடியாது."

பம்ப் தெரு முனையில்தான் பஸ் நிறுத்தம். தூறலில் குழந்தையை மேல்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றாள். பையில் நாலு துணி, ஒரு பால் புட்டி.

அந்த மூவரும் வந்தார்கள். ஒரே குடை. இன்னும் சண்டை ஓயவில்லை.

"நான்தான் முதல்ல சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு நடுவுல வந்தீங்க? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க!" கோனியின் குரல்.

"நீ தனியா இருக்கறவ. ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசினா உனக்குத் தாங்குமா?" என்றார் நார்மன்.

லியானைக் கண்டதும் மூவரும் வாயை மூடிக்கொண்டு, தலைகுனிந்தபடி பம்ப் தெருவுக்குள் திரும்பினார்கள்.

இந்தத் தெருவில் இவர்களுக்கு என்ன வேலை? மழையிலும் பெட்டி பிரிப்பதிலும் நாலு நாள் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவள் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏறலையாம்மா?" என்றார் ஓட்டுநர்.

லியான் வைத்த காலை மெல்லக் கீழே இறக்கினாள்.

கோனி மூணாம் எண் கதவையும், டோரீன் எட்டாம் எண் கதவையும், நார்மன் பதினொன்றாம் எண் கதவையும் அவரவர் சாவியால் திறந்து, அவரவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.