மாமியார் குடித்த சூப்

உப்பு டப்பாவைத் திறந்த பெரிய மருமகள், ஸ்பூனைத் தேடவில்லை. அப்படியே சூப் பானைக்குள் கவிழ்த்தாள்.

கை நடுங்கவில்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க யார் யார் மூக்கிலோ பிரேமை நேராக உட்கார வைக்கிற கை அது.

ஆண்டுக் கடைசி விடுமுறை என்றால் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். அவளுக்கு மட்டும் அடுப்படி. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் மாமியார் அவள் கையில் கரண்டியைக் கொடுத்தார். அன்று பிடித்ததை இன்னும் கீழே வைத்தபாடில்லை.

மாமியார், நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி என்று ஒரு பட்டாளமே வந்து ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். உரித்துப் போட்ட வேர்க்கடலைத் தோல் முழங்கால் உயரத்துக்குச் சேரும். அவள் சுடுகிற கோழியின் வாசனைக்கு நாலு தெரு நாய்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். அதுவும் முண்டியடிக்காமல்.

அதுதான் வினையே. இப்படிச் சமைக்கிறவளை யார் விடுவார்கள்?

ஆகவே இந்த வருடம் ஒரே ஒரு விருந்தைப் பாழாக்கிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஒருமுறை நாக்கு செத்துப்போனால் அடுத்த வருடம் அவர்களே வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள். அவளும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெயில் வந்து தட்டி எழுப்பும்வரை தூங்கலாம்.

கோழியை ஓவனில் வைத்து, வேண்டுமென்றே மறந்தாள். அது கரியாகி, அதற்கு மேலும் என்னவோ ஆனது. கேக் கை தவறி விழுந்திருந்தால் தரைதான் உடைந்திருக்கும். சூப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடலே வந்து ஒரு வாய் குடித்திருந்தால்கூடத் தண்ணீர் கேட்டிருக்கும்.

மத்தியானம் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். வெளியே குளிர், உள்ளே ஆவி. ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிக் கிடந்தது. தனக்கு அப்புறம் ஆகட்டும் என்று அவள் கரண்டியோடு ஓரமாக நின்றுகொண்டாள்.

முதல் வாய் மாமியாருக்கு. மற்றவர்கள் ஸ்பூனைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தார்கள். அந்த வீட்டில் தீர்ப்பு எப்போதும் அங்கிருந்துதான் வரும்.

மாமியார் விழுங்கினார். இடது கண் மட்டும் ஒருமுறை துடித்தது.

"நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஆளையும் விடவில்லை.

கொழுந்தன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஒரு வாய் குடித்ததும், எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்ட மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்போல இறுகிப்போனான். "சூப்பர் அண்ணி!" என்றான். குரல் அவனுடையதாக இல்லை.

நாத்தனார் கோழியைக் கடித்தாள். பக்கத்து வீட்டில் விறகு பிளக்கிறார்கள் என்று நினைக்கும்படி ஒரு சத்தம் வந்தது. மென்றுகொண்டே தலையை ஆட்டினாள். ஓரகத்தியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"காரம்தான்க்கா கொஞ்சம் தூக்கல்!" என்றாள் ரசித்து.

காரம் என்று ஒன்று அந்த மேசையிலேயே கிடையாது.

"உப்பு கொஞ்சம்..." என்று கணவன் வாயைத் திறந்தான். மாமியார் எட்டி, அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார். வாய் மூடிக்கொண்டது.

கடைசியாக அவள் நம்பியது கொழுந்தனின் மகளை. பொய்யே சொல்லத் தெரியாத சின்ன வாண்டு. போன வருடம் விருந்துக்கு வந்த கணவனின் மேனேஜரிடம், "அங்கிள், உங்க முடி நகருது" என்று சபையில் சொன்ன உத்தமி.

வாண்டு ஒரு வாய் குடித்தது. பாட்டியைப் பார்த்தது. கிண்ணத்தை நீட்டியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க பெரியம்மா."

நிரப்ப நிரப்பத் தண்ணீர் ஜாடி காலியானது. குழாயே களைத்துப்போய்ச் சொட்ட ஆரம்பித்தது. கேக்கைக் கொழுந்தன் இரண்டு கையாலும் பிடித்து, மேசை விளிம்பில் வைத்து உடைத்தான். ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. இதுகளுக்கெல்லாம் நாக்கு இருக்கிறதா, இல்லை தோலில் செய்து ஒட்டியிருக்கிறார்களா என்று பெரிய மருமகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கோட்டு, மப்ளர், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். விட்டால் அடுத்த வருடமும் இதே கூட்டம்தான். அவள் கடைசித் துருப்பை இறக்கினாள்.

"சூப் அரைப் பானை மிச்சம் இருக்கு அத்தை. நாளைக்கும் எல்லாரும் இங்கயே சாப்பிட வந்துடுங்களேன்."

கொழுந்தன் கையிலிருந்து கார் சாவி விழுந்தது. குனிந்து எடுக்க யாருக்கும் தெம்பில்லை.

"நீங்கல்லாம் போய் வண்டியில ஏறுங்க," என்றார் மாமியார். சாவியைப் பொறுக்கிக்கொண்டு அவர்கள் படியிறங்கினார்கள், தப்பித்த ஆடுகள் மாதிரி.

மாமியார் மப்ளரை நிதானமாக இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, மருமகளின் காதருகே குனிந்தார்.

"நான் மருமகளா வந்த புதுசுல சூப்புல சோப்புத் தண்ணியே ஊத்தினவ கண்ணு. அன்னைக்கோட என்னை யாரும் அடுப்பு பக்கம் கூப்பிடல. நீ போடுற உப்புக்கா அசந்துடுவேன்? நாளைக்கு வர்றோம். கேக்கையும் எடுத்து வை."

இரண்டு படி இறங்கியவர் நின்றார். திரும்பி ஏறி வந்து, வழியில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டார்.