ஃபிலிம் நின்னு போச்சு

"கஸ்டமர் கேர்தானே சார்?"

"சொல்லுங்க" என்றார் முத்துசுப்பிரமணியன், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே. காலையிலிருந்து இது பன்னிரண்டாவது அழைப்பு.

"சார், படம் எடுத்ததும் கையிலேயே வந்து விழுமே, அந்தக் காமிராவுக்குப் போடுத ஃபிலிம் எங்கயுமே கிடைக்கல. நின்னு போச்சுன்னு பேசிக்கிடுதாங்க. நிசமா?"

"நின்னு போச்சும்மா. வேற ஏதாவது உதவி வேணுமா?"

சர்க்கார் ஆபீசில் முப்பது வருடம் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிப் பழகிய வாய் அது. ரிட்டையர் ஆகி, பாளையங்கோட்டை வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால், இந்த வருடம் இந்த வேலை வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

அந்த ஃபிலிம் கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அழைத்தவர்களிடம் உள்ளதைத்தான் சொல்லிப் பார்த்தார். யார் நம்பினார்கள்? திட்டிவிட்டு மறுபடியும் அடித்தார்கள். ஒரு நாள் எரிச்சலில் 'ஃபிலிம் நின்னு போச்சு' என்று வாயில் வந்ததைச் சொன்னார். எதிர்முனை அப்படியே அடங்கிவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே பதில்தான்.

இந்தப் பெண் மட்டும் அடங்கவில்லை.

"வச்சிராதீங்க சார். நெட்டுல இந்த ஒரு நம்பர்தான் கெடக்கு. எம்பேரு ஸ்டெஃபி, புன்னக்காயல்ல இருந்து பேசுதேன். எங்க பக்கத்துல கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாத்துக்கும் நாந்தான் அந்தக் காமிராவ வச்சுப் படம் எடுக்கேன். ஃபிலிம் இல்லேன்னா நாளைக்குக் காலைல காமிராவ ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டு, தூத்துக்குடில மீன் கம்பெனி வேலைக்குப் போயிருன்னு வீட்டுல சொல்லுதாங்க. நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளேயிருந்து தேங்காய்ப்பால் சொதியின் மணம் வந்தது. மனைவி சுப்புலக்ஷ்மி இலையைப் போட்டுவிட்டு இரண்டாம் முறை கூப்பிட்டாள்.

"விசாரிச்சாச்சும்மா. உறுதியா நின்னு போச்சு."

"அப்ப கம்ப்ளைன்ட் நம்பராவது குடுங்க சார்."

அவர் கைக்கு எட்டிய சமையல் கேஸ் புத்தகத்தைப் பிரித்து, அதிலிருந்த நம்பரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்தப் பெண் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். "ரொம்பத் தேங்க்ஸ் சார்" என்று வேறு சொன்னாள்.

"பாவம், சின்னப் பிள்ள. ஏங்க இப்படிப் பொய் சொல்லுதீங்க?" என்றாள் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருந்த சுப்புலக்ஷ்மி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"என்னை என்ன செய்யச் சொல்லுத?" என்று சீறினார். ஆனால் சொதி இறங்கவில்லை. அந்தப் பிள்ளை தேங்க்ஸ் சொல்லாமல் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம், பென்ஷன் ஆபீசுக்குக் கொடுக்க ஒரு போட்டோ வேண்டுமென்று மார்க்கெட் பக்கம் காஜா முகைதீனின் ஸ்டுடியோவுக்குப் போனார். கண்ணாடிக் கதவில் 'இன்ஸ்டன்ட் காமிரா ஃபிலிம் கிடையாது' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"ஏன் காஜா, அந்த ஃபிலிம் வரதில்லையோ?" என்று பைய விசாரித்தார்.

"நின்னு போச்சு அண்ணாச்சி. ஏஜென்டு மட்டும் வருது வருதுன்னு சாதிக்கான். போன வாரம்கூட ரெண்டு பெட்டியக் கொண்டாந்து காட்டுதான். ஆனா கஸ்டமர் கேர்லயே நின்னு போச்சுன்னு சொல்லிட்டாம்லா? ஏஜென்ட நம்பவா, கஸ்டமர் கேர நம்பவா? ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டேன். ஜங்ஷன் கடைக்காரங்களும் வாங்குதத நிப்பாட்டிட்டாவ."

முத்துசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் உறைத்தது. தயாரிக்கிறவனே நிறுத்தாத ஃபிலிமை, நாற்காலியில் உட்கார்ந்தபடி இவர் ஒருவரே ஊருக்குள் நிறுத்தியிருக்கிறார்!

"அண்ணாச்சி, தலைய நிமித்துங்க. காமிராவப் பாருங்க."

அவரால் பார்க்க முடியவில்லை.

"போட்டோ இன்னொரு நாளைக்கு எடுத்துக்கிடுதேன். நீரு அந்த ஏஜென்ட நம்பி ஆர்டரப் போடும் வே" என்று எழுந்துவிட்டார். காஜா முகைதீன் ஒன்றும் புரியாமல் விளக்கை அணைத்தார்.

வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் ஓர் ஓரமாக நின்று, மத்தியானம் வந்த நம்பருக்கு அடித்தார். அந்தக் காமிரா கை மாறிவிட்டால் தன்னைத்தானே ஒருநாளும் மன்னித்துக்கொள்ள முடியாது.

"எம்மா ஸ்டெஃபி, மத்தியானம் பேசினேம்லா? ஃபிலிம் நிக்கல. வந்துக்கிட்டுதான் இருக்கு. காமிராவக் குடுத்துராத தாயி. தப்பு எம்மேலதான்."

ஸ்டெஃபி வெடித்தாள்.

"அப்ப உறுதியா நின்னு போச்சுன்னீங்க. இப்ப வருதுங்கீங்க. எத நம்பி நான் காமிராவ வச்சுக்கிட? மத்தியானத்துல இருந்து அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கேன், தெரியுமா? மேனேஜர்ட்ட லைனக் குடுங்க. அவரு வாயால சொன்னாதான் நம்புவேன்."

"மேனேஜர் இல்லம்மா."

"சரி, உங்களுக்கு மேல அங்கன யாரு இருக்கா? அவங்களக் கூப்பிடுங்க."

முத்துசுப்பிரமணியனின் நாக்கு நுனியில் இன்னொரு பொய் தயாராக நின்றது. அதை விழுங்கிக்கொண்டார்.

"எம்மா... இது ராங் நம்பரும்மா."