ஜன்னலுக்கு வரும் மிளகுக்கொடி

"இந்தாங்க! உங்க மிளகுக்கொடி இன்னிக்கும் என் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிருக்கு!"

மட்டாஞ்சேரி லைன் வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி கத்தினாள் சங்கரி. மிளகு குடோனில் மூட்டை தூக்கும் பக்கத்து வீட்டுத் தங்கதுரை, குடித்துக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து கொடியைப் பிரித்தான்.

"தினமும் இதே ரோதனை!"

"இனிமே இருக்காதுங்க. தொட்டியோட இடக்கொச்சியில இருக்கிற எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்."

சங்கரி சட்டென்று குறுக்கிட்டாள். "ஐயோ, வேணாம்! அது என்ன செய்யும், பாவம்? பாகற்கொடி மாதிரி, எட்டின கம்பியில சுருண்டுக்குது."

"பாகல்தான் சுருளும். மிளகு, கணுவுல வேர்விட்டு ஒட்டிக்கிற ஜாதி. இதைக் கம்பியில சுத்திவிட்டது ஒரு கை."

விடியுமுன்பே எழுந்து சுற்றிவிட்ட அந்தக் கையை சங்கரி முந்தானைக்குள் ஒளித்தாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எனக்கு ஏது அக்கா? உன் வாயைக் கிளறத்தான் சொன்னேன். கை யாருதுன்னு முத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா தினமும் ஓடி வந்து பிரிச்சீங்க?"

தங்கதுரைக்குக் காதுவரை சிரிப்பு.

"பிரிச்சாத்தானே மறுநாள் நீ சுத்துவ!"