வெங்காயத் தோல்

ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, வெங்காயத் தோலை வரைந்து முடித்தார்கள். செங்கல் சுவர்போல அடுக்கடுக்காக அழகான செல்கள். கலைச்செல்வன் வாத்தியார் வரிசையாக ‘நன்று’ போட்டுக்கொண்டே வந்தார்.

தேவியின் நோட்டில் வெறும் வட்டம்.

“இன்னாம்மா இது, இட்லியா?”

வகுப்பே சிரித்தது.

“தெரிஞ்சதத்தான் சார் வரைஞ்சிக்கீறேன்.”

“உத்திரமேரூர் மார்க்கெட்டு வெங்காயம், நானே உரிச்சது. அல்லாருக்கும் தெரியுது, ஒனக்கு மட்டும் தெரியலியா? புக்கப் பாத்து வரை. இல்லாட்டி மார்க்கு கெடையாது.”

“மாட்டேன் சார்.”

கோபத்தோடு அவரே குனிந்து பார்த்தார். வெறும் வெள்ளை வட்டம்.

வெங்காயத் தோல் ஒட்டிய கண்ணாடித் துண்டு, சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தபடியே இருந்தது.

சத்தமில்லாமல் எடுத்துப் பொருத்தினார். “இப்ப வரைம்மா.”

“மொதல்ல அவங்கள அழிக்கச் சொல்லுங்க சார்.”